டேபிளில் கடைசி 1000 பதிவுகள் மட்டும் இருந்தால் போதும்: எப்படிச் செய்வது?

#1 கீற்று

எல்லோருக்கும் வணக்கம். சிறு கருவி ஒன்றில் ஓடும் செயலி எழுதிக்கொண்டிருக்கிறேன். சில நொடிகளுக்கு ஒருமுறை சென்சார்களில் இருந்து ஓர் அளவு வரும். அதை எஸ்கியூலைட்டில் (ஒரே ஃபைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) "அளவுகள்" என்ற டேபிளில் போடுகிறேன். நான்கே நெடுவரிசை: ஐடி, நேரம், சென்சார், மதிப்பு. திரையில் காட்டுவது கடைசி 1000 பதிவுகளைத்தான். அதற்கு முந்தையது யாருக்கும் வேண்டாம்.

டேபிளை உருவாக்கும்போதே "1000க்கு மேல் சேர்க்காதே, புதிது வந்தால் பழையதைத் தள்ளிவிடு" என்று சொல்ல முடியுமா? மேக்ஸ் ரோஸ் என்று ஏதோ ஓர் ஆப்ஷனை எங்கோ பார்த்த ஞாபகம். இல்லையென்றால் ட்ரிகர் (பதிவு சேர்ந்ததும் டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளை) எழுத நினைக்கிறேன்: ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் பிறகு, இருப்பதிலேயே பெரிய ஐடியில் 1000ஐக் கழித்து, வரும் எண்ணும் அதற்குக் கீழே உள்ளவையும் டெலீட். இது சரியா?

#2 பழைய_டிபிஏ

மேக்ஸ் ரோஸ் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் உள்ளது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். "தோராயமாக இவ்வளவு பதிவுகள் வரும்" என்று ஸ்டோரேஜ் எஞ்சினுக்கு (தகவலைச் சேமிக்கும் பகுதி) கொடுக்கும் குறிப்பு மட்டும்தான் அது. அதைத் தாண்டினாலும் பதிவுகள் உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். பழையதைத் தள்ளும் வேலையெல்லாம் அதற்குத் தெரியாது.

எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள் எதிலும் நீங்கள் கேட்கும் மாதிரி டேபிள் வகை கிடையாது. நெருங்கி வருவது மோங்கோடிபி டேட்டாபேஸின் கேப்டு கலெக்ஷன் (அளவு எல்லை வைத்த தொகுப்பு). அதிலும் கட்டாயம் கொடுக்கவேண்டியது பைட் அளவு. பதிவு எண்ணிக்கை விருப்பம்தான். 1000 என்று சொல்லியிருந்தாலும் பைட் அளவு முதலில் நிரம்பிவிட்டால் 700இலேயே தள்ள ஆரம்பித்துவிடும். இதற்காக டேட்டாபேஸை மாற்றச் சொல்லமாட்டேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். ஏன் அழிக்கிறீர்கள்? இடம் போதவில்லையா, வேகம் குறைகிறதா, அல்லது பழைய தகவலை வைத்திருக்கவே கூடாதா? மூன்றுக்கும் பதில் வேறு.

#3 கீற்று

இடம்தான் அண்ணா. சின்ன மெமரி கார்டு, அதில் வேறு வேலைகளும் இருக்கின்றன. கூடவே, டேபிள் பெரிதானால் படிப்பது மெதுவாகும் என்று உடன் வேலை செய்பவர் சொன்னார்.

#4 தேனீ_எழுத்து

உங்கள் விஷயத்தில் படிப்பது மெதுவாகாது. ஐடியை இறங்குவரிசையில் அடுக்கி 1000 எடுக்கும் குவெரி (படிக்கும் கட்டளை), இண்டெக்ஸின் (வரிசையாக அடுக்கிய தேடல் பட்டியல்) வலது கோடிக்கு நேராகப் போய் அங்கிருந்து பின்னோக்கி 1000 எட்டு நடந்துவிட்டு நின்றுவிடும். டேபிளில் பத்தாயிரம் இருந்தாலும் பத்துக் கோடி இருந்தாலும் நடை அதே 1000 எட்டுதான். எஸ்கியூலைட்டில் ஐடி இன்டீஜர் பிரைமரி கீ (பதிவை அடையாளம் காட்டும் முழு எண்) என்றால் டேபிளே அந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கும், தனி இண்டெக்ஸ்கூட வேண்டாம்.

நேரத்தை வைத்து அடுக்கி, அந்த நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் போடாமல் விட்டால்தான் மெதுவாகும். அதைப் பார்த்துத்தான் உங்கள் நண்பர் சொல்லியிருப்பார்.

#5 குறுக்குவழி

எதற்கு இவ்வளவு யோசனை? இன்சர்ட் செய், கவுண்ட் எடு, 1000ஐத் தாண்டியிருந்தால் சின்ன ஐடி எதுவோ அதை அழி. மூன்று வரி. நான் எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்கிறேன்.

#6 பழைய_டிபிஏ

குறுக்குவழி, ஒரே ஒருவர் எழுதும் டேபிளில் அது ஓடும். ஆனால் கவுண்ட் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மலிவு இல்லை. போஸ்ட்கிரெஸிலும் இன்னோடிபியிலும் (மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சின்) ஒவ்வொரு டிரான்சாக்ஷனின் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத வேலைத்தொகுதி) கண்ணுக்கும் தெரியும் பதிவுகள் வேறு வேறு. அதனால் மொத்த எண்ணிக்கையை ஓரிடத்தில் எழுதிவைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் நடந்து எண்ணத்தான் வேண்டும். எஸ்கியூலைட்டும் முழுக்க நடந்துதான் எண்ணும். 1000 பதிவுக்கு அது தெரியாது. நாளை யாராவது எல்லையை 10 லட்சம் ஆக்கினால், ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் 10 லட்சத்தை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று: ஒரே இன்சர்ட்டில் 50 பதிவு வந்தால் உங்கள் மூன்று வரி ஒன்றைத்தான் அழிக்கும். மீதி 49 அங்கேயே இருக்கும்.

#7 நதிமூலம்

கீற்று முதல் பதிவில் சொன்ன கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, யாரும் தொடவில்லை. "பெரிய ஐடி கழித்தல் 1000" என்பது ஐடிகள் இடைவெளி இல்லாமல் ஓடும் என்று நம்புகிறது. அப்படி ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

போஸ்ட்கிரெஸில் சீக்வென்ஸ் (ஐடிக்கு எண் வழங்கும் எண்ணி) ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். டிரான்சாக்ஷன் ரோல்பேக் (ரத்து) ஆனாலும் அந்த எண் திரும்பி வராது. மைஎஸ்கியூஎல்லில் இன்சர்ட் இக்னோர் (நகல் வந்தால் பிழை தராமல் ஒதுக்கிவிடு) போட்டு, நகல் என்று ஒதுக்கப்பட்ட ஒவ்வொன்றும்கூட சாதாரணமாக ஓர் எண்ணை விழுங்கிவிட்டுத்தான் போகும். நான் பார்த்த ஒரு டேபிளில் ஐடி 48,200இல் நின்றது. 47,200க்கு மேலே எத்தனை என்று எண்ணினால் 310தான். திரையில் 1000 எதிர்பார்த்தவர்கள் தகவல் காணாமல் போகிறது என்று புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்கியூலைட்டில் ஒரே கை எழுதினால் இடைவெளி வருவது குறைவு. அதற்காகக் கணக்கைத் தப்பாக வைக்க வேண்டாமே. கழித்தல் வேண்டாம், 1001ஆவது பதிவு எது என்று டேபிளையே கேளுங்கள். கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறது, கட்டளையை ஒலிபெயர்த்தே போடுகிறேன்:

டெலீட் ஃப்ரம் அளவுகள்
வேர் ஐடி <= (
  செலக்ட் ஐடி ஃப்ரம் அளவுகள்
  ஆர்டர் பை ஐடி டெஸ்க்
  லிமிட் 1 ஆஃப்செட் 1000
);

ஆஃப்செட் 1000 என்றால் புதிய 1000ஐத் தாண்டிக்கொண்டு அடுத்ததை எடு என்று பொருள். அதுவும் அதற்குப் பழையதும் போகும். ஆஃப்செட் 999 போட்டால் குறியில் உள்ள சமத்தை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் 999தான் மிஞ்சும்.

#8 கீற்று

அருமை. ஆனால் டேபிளில் 300 பதிவுதான் இருக்கிறது என்றால்? உள் குவெரி ஒன்றும் தராதே. எல்லாவற்றையும் அழித்துவிடுமா?

#9 நதிமூலம்

அழிக்காது. உள்ளே ஒன்றும் கிடைக்காவிட்டால் அது நல் (மதிப்பே இல்லை என்ற நிலை) ஆகிவிடும். எந்த ஐடியையும் நல்லோடு ஒப்பிட்டால் உண்மை என்றும் வராது, பொய் என்றும் வராது. டெலீட்டில் உள்ள வேர் நிபந்தனைக்கு (எவற்றை அழிப்பது என்று சொல்லும் பகுதி) உண்மை மட்டுமே செல்லும், அதனால் ஒரு பதிவுகூடப் போகாது. பாதுகாப்புக்கு என்று நினைத்துக்கொண்டு அங்கே கோஅலெஸ் (நல் வந்தால் வேறு மதிப்பைக் கொடு) போட்டு ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். அப்போதுதான் எல்லாம் போகும்.

#10 அரைவட்டம்

மைஎஸ்கியூஎல் ஆட்கள் இதை அப்படியே ஒட்டினால் 1093 பிழை வரும். அழிக்கும் டேபிளையே உள் குவெரியில் நேராகப் படிக்க அது விடாது. உள் குவெரியை இன்னொரு அடைப்புக்குள் வைத்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்து, அதிலிருந்து செலக்ட் செய்தால் ஒத்துக்கொள்ளும். "புதிய 1000இல் இல்லாததை அழி" என்று நாட் இன் போட்டு, உள்ளே லிமிட் வைப்பவர்களுக்கு 1235 பிழை. அதற்கும் அதே சுற்றுவழிதான்.

#11 குறுக்குவழி

சரி, கட்டளை கிடைத்துவிட்டது. இதை ட்ரிகரில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது இல்லையா?

#12 பழைய_டிபிஏ

எந்த டேட்டாபேஸ் என்பதைப் பொறுத்தது.

மைஎஸ்கியூஎல்லில் முடியவே முடியாது. எந்த டேபிளின் இன்சர்ட் ட்ரிகரைக் கிளப்பியதோ அந்த டேபிளையே ட்ரிகர் மாற்றக்கூடாது, 1442 பிழை. ஆரக்கிளில் இதற்கு அண்ணன் ஒருவர் உண்டு, ஓஆர்ஏ 04091, மியூட்டேட்டிங் டேபிள். வரிவாரியான ட்ரிகரில்தான் வரும் என்றாலும், பார்க்காத ஆரக்கிள்காரர் இருக்கமாட்டார்.

போஸ்ட்கிரெஸில் முடியும். ஆனால் வரிக்கு ஒரு முறை என்று வைக்காமல் கட்டளைக்கு ஒரு முறை என்று வையுங்கள். இல்லையென்றால் 10,000 பதிவை ஒரே கட்டளையில் ஏற்றும்போது 10,000 டெலீட் ஓடும்.

எஸ்கியூலைட்டில் வரிக்கு ஒன்று மட்டும்தான், வேறு வழி இல்லை. சில நொடிக்கு ஒரு பதிவு வரும் கீற்றின் கருவிக்கு அது பாரம் இல்லை.

எங்கே வைத்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும். ட்ரிகரும் இன்சர்ட்டும் ஒரே டிரான்சாக்ஷன். பழைய குப்பையை அழிப்பதில் ஏதாவது தடுக்கினால் புதிய பதிவும் சேராது. எனக்கு இது எப்போதுமே பிடிக்காத ஏற்பாடு. கூட்டும் வேலைக்காக வரவையே நிறுத்துவானேன்?

#13 தேனீ_எழுத்து

இதைத்தான் சொல்ல வந்தேன். டேபிளில் எந்த நொடியிலும் சரியாக 1000 இருக்க வேண்டும் என்று ஏன் எல்லோரும் பிடிவாதம் பிடிக்கிறோம்? பார்ப்பவருக்கு 1000 தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கறாரைப் படிக்கும் குவெரியில் லிமிட் 1000 என்று வைத்துவிடுங்கள், அல்லது ஒரு வியூ (டேபிள் போலப் படிக்கக்கூடிய, சேமித்துவைத்த குவெரி) எழுதி எல்லோரையும் அதன் வழியாகவே படிக்கவிடுங்கள். அழிக்கும் வேலை தளர்வாகவே இருக்கட்டும். 1000 ஆகி, 1100 ஆகி, 1200ஐத் தொட்டபிறகு ஒரே டெலீட்டில் 1000க்குக் குறைத்தால் போதும்.

ரெடிஸ் என்ற டேட்டாபேஸ்காரர்களே இப்படித்தான் செய்கிறார்கள். ஸ்ட்ரீமில் (பதிவுகள் வரிசையாகச் சேரும் பட்டியல்) சேர்க்கும்போது மேக்ஸ்லென் 1000 என்று கறாராகவும் சொல்லலாம், நடுவில் ஓர் அலைக்குறி போட்டு "ஏறத்தாழ 1000" என்றும் சொல்லலாம். ஏறத்தாழ என்றால் உள்ளே முழுத்தொகுப்பு ஒன்று காலியாகும் வரை காத்திருந்து அப்படியே கழற்றிவிடும். வேலை மிகக் குறைவு. ஸ்ட்ரீம் வந்த 5.0 பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

#14 கீற்று

மேலாளர் "1000க்கு மேல் ஒன்றுகூட இருக்கக்கூடாது" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், அதுதான் சிக்கல்.

#15 தேனீ_எழுத்து

அவர் டேபிளைத் திறந்து எண்ணப் போகிறாரா, திரையைப் பார்க்கப் போகிறாரா? கேட்டுவிடுங்கள். நிஜமாகவே டேபிளில் என்றால், பலபேர் ஒரே நேரத்தில் எழுதும் இடத்தில் அது எளிதில்லை. ரீட் கமிட்டட் (கமிட் ஆகி உறுதியானதை மட்டும் படிக்கும்) நிலையில் இரண்டு டிரான்சாக்ஷன் சேர்ந்து ஓடினால், ஒன்று போட்ட பதிவு கமிட் ஆகும்வரை மற்றதற்குத் தெரியாது. இருவரும் தங்கள் கணக்குப்படி ஒரே பழைய பதிவைத்தான் அழிக்கப் போவார்கள். முடிவில் 1001 இருக்கும், அடுத்த இன்சர்ட்டில் சரியாகும். அந்த ஒன்றையும் பொறுக்கமுடியாது என்றால் எழுதுபவர்களை எல்லாம் ஒரே பூட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டும்.

எஸ்கியூலைட்டில் எப்போதும் ஒருவர்தான் எழுத முடியும் என்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

#16 வட்டப்பாதை

யாருமே வளைய முறையைச் சொல்லவில்லையே! 1000 இடம், 0 முதல் 999 வரை, அதுதான் பிரைமரி கீ. ஒவ்வொரு பதிவுக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு தொடர் எண். அதை 1000ஆல் வகுத்து வரும் மீதிதான் இடம். அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தால் மேலெழுது. 1001ஆவது பதிவை எழுத எங்கேயும் இடமே கிடையாது, மேலாளர் கேட்டது அப்படியே கிடைக்கும். டெலீட் என்ற பேச்சே இல்லை. இப்படி மேலெழுதச் சொல்லும் ஆன் கான்ஃப்ளிக்ட் எஸ்கியூலைட்டில் 3.24 பதிப்பில் இருந்து உண்டு, போஸ்ட்கிரெஸில் 9.5இல் இருந்து உண்டு.

நெட்வொர்க் கண்காணிப்பு வரைபடங்களுக்குப் பலரும் பயன்படுத்தும் ஆர்ஆர்டிடூல் 1999இல் இருந்து இதே கொள்கையில்தான் ஓடுகிறது. ஃபைலை உருவாக்கும்போது என்ன அளவோ, அதற்குப் பிறகும் அதே அளவுதான்.

#17 நதிமூலம்

அழகான முறை, எனக்கும் பிடிக்கும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். படிக்கும்போது இட எண்ணை வைத்து அடுக்கக்கூடாது, தொடர் எண்ணை வைத்துத்தான் அடுக்க வேண்டும். இல்லையென்றால் திரையின் நடுவில் திடீரென்று பழைய தகவல் தலைகாட்டும். அப்புறம், 1000ஐ 1500 ஆக்க வேண்டும் என்று நாளை வந்தால் எல்லா மீதியும் மாறிவிடும், டேபிளை மறுபடி அடுக்க வேண்டும். டெலீட் முறையில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது.

#18 பழைய_டிபிஏ

போஸ்ட்கிரெஸில் மூன்றாவதும் உண்டு. அங்கே அப்டேட் என்பது புதிய பிரதி எழுதி, பழையதைச் செத்ததாக விட்டுவிடுவது. டெலீட்டைத் தவிர்த்துவிட்டோம் என்று வட்டப்பாதை மகிழலாம், வேக்யூம் செய்ய (கூட்டித் துப்புரவாக்க) வேண்டிய குப்பை அதே அளவுதான். டேபிளில் 20 சதவீதமும் கூடவே 50 பதிவும் செத்தபிறகுதான் ஆட்டோவேக்யூம் கிளம்பும் என்பது இயல்பு அமைப்பு. 1000 பதிவு டேபிளில் அது 250. நொடிக்கு நூறு பதிவு வந்தால் மூன்று நொடியில் எல்லை தாண்டிவிடும், ஆட்டோவேக்யூம் எட்டிப்பார்ப்பதோ நிமிடத்துக்கு ஒருமுறை. சின்ன டேபிள்தானே என்று இருப்பார்கள், ஃபைலைப் பார்த்தால் வீங்கிக் கிடக்கும்.

நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரும் இடத்தில் எண்ணி அழிப்பதையே விட்டுவிடுங்கள். ஐடி வீச்சை வைத்து, அல்லது தேதியை வைத்து, டேபிளைப் பார்ட்டிஷன்களாக (தனித்தனித் துண்டுகளாக) பிரித்துவிடுங்கள். பழைய பார்ட்டிஷனை ட்ராப் செய்தால் பதிவு பதிவாக அழிக்கும் வேலை கிடையாது, செத்த பதிவும் மிஞ்சாது. கண நேரத்தில் இடம் திரும்பக் கிடைக்கும்.

#19 மழைக்குறிப்பு

தாமதமாக வருகிறேன். எண்ணிக்கை எல்லையில் எனக்குள்ள பயம் வேறு. ஒரு சென்சார் பழுதாகி நொடிக்கு நூறு அளவு அனுப்ப ஆரம்பித்தால், பத்தே நொடியில் மற்ற எல்லா சென்சார்களின் வரலாறும் டேபிளை விட்டு வெளியே போய்விடும். எந்த நேரத்தில் பழைய தகவல் தேவையோ, அதே நேரத்தில்தான் அது இருக்காது. லாகின் முயற்சிகளைப் பதியும் டேபிளில் இதையே ஒருவர் வேண்டுமென்று செய்யலாம்: செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ஆயிரம் பொய் முயற்சிகளைக் கொட்டித் தடயத்தை அடித்துக்கொண்டு போய்விடுவார். தணிக்கைக்கு உள்ள டேபிளில் எண்ணிக்கை எல்லை வைக்கவே வைக்காதீர்கள், நாள் கணக்கு வையுங்கள்.

கீற்றுக்குத் தோதானது சென்சாருக்கு இவ்வளவு என்று பிரிப்பது. ரோ நம்பரை (பதிவுகளுக்கு வரிசை எண் தரும் வசதி) சென்சார் வாரியாகப் பிரித்து, ஐடி இறங்குவரிசையில் எண் போட்டு, 200ஐத் தாண்டிய ஐடிகளை அழிக்கலாம். ரோ நம்பர் அடங்கிய விண்டோ ஃபங்ஷன் வசதி எஸ்கியூலைட் 3.25இல் வந்துவிட்டது, மைஎஸ்கியூஎல்லில் 8.0 வேண்டும். கருவியில் என்ன பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள், பல கருவிகளில் பழையதுதான் கிடக்கிறது.

#20 கீற்று

ஐந்து சென்சார், ஆளுக்கு 200. மேலாளரிடமும் பேசிவிட்டேன். அவருக்குத் திரையில் 1000 போதுமாம், டேபிளில் கொஞ்சம் கூட இருந்தால் கவலையில்லை என்கிறார்.

சோதனைக்குப் பழைய டேபிளில் இருந்த நான்கு லட்சம் பதிவுகளை அழித்து 1000 ஆக்கினேன். ஃபைல் அளவு ஒரு பைட்டும் குறையவில்லை! இடத்துக்காகத்தானே இவ்வளவும்?

#21 தேனீ_எழுத்து

அது அப்படித்தான். அழித்த பக்கங்களை எஸ்கியூலைட் காலிப்பட்டியலில் வைத்துக்கொள்ளும், வட்டுக்குத் திருப்பித் தராது. அடுத்து வரும் பதிவுகள் அதில்தான் உட்காரும். இனி எல்லை இருப்பதால் ஃபைல் வளரப் போவதில்லை. வீங்கியதைக் குறைக்க இப்போது ஒருமுறை வேக்யூம் (எஸ்கியூலைட்டில் ஃபைலைப் புதிதாக எழுதிச் சுருக்கும் கட்டளை) கொடுங்கள். அதற்கு ஃபைலின் அளவைப்போல் இரண்டு மடங்கு வரை காலியிடம் தேவைப்படலாம், அதனால் கார்டு நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள். புதிய கருவிகளில் இந்தத் தேவையே வராது.

அழித்த மதிப்புகள் காலிப் பக்கங்களில் அப்படியே கிடக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். சென்சார் அளவுக்குக் கவலையில்லை. ரகசியமானது என்றால் செக்யூர் டெலீட் பிராக்மாவை (எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளை) முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

#22 அரைவட்டம்

கீற்று, "அளவுகள்" டேபிளின் ஐடியை வேறு ஏதாவது டேபிள் சுட்டுகிறதா?

#23 கீற்று

ஆமாம், "குறிப்புகள்" என்று ஒன்று உண்டு. ஓர் அளவின்மேல் பயனர் எழுதும் குறிப்பு. ஆன் டெலீட் கேஸ்கேட் (அளவு அழிந்தால் குறிப்பும் அழியட்டும்) போட்டிருக்கிறேன்.

#24 அரைவட்டம்

எழுதிவைத்தால் போதாது. எஸ்கியூலைட்டில் ஃபாரின் கீ (ஒரு டேபிள் இன்னொன்றைச் சுட்டும் தொடர்பு) சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா கொடுத்து ஆன் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அளவு போய்விடும், குறிப்பு அநாதையாகக் கிடக்கும். ஐடிக்கு ஆட்டோஇன்கிரிமென்ட் (பழைய எண்ணை மறுபடி தராத அமைப்பு) போடாமல் இருந்து, என்றாவது டேபிளை முழுக்கக் காலி செய்தால், எண் மறுபடி 1இல் தொடங்கும். அப்போது போன வருடம் எழுதிய "இந்த அளவு தவறு" என்ற குறிப்பு இன்று வந்த சரியான அளவின்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குறிப்புகள் டேபிளில் அளவின் ஐடிக்கு இண்டெக்ஸும் போடுங்கள். இல்லையென்றால் ஓர் அளவை அழிக்க ஒவ்வொரு முறையும் குறிப்புகள் முழுவதையும் தேடும்.

#25 கீற்று

பிராக்மா இல்லை, இண்டெக்ஸும் இல்லை. இரண்டும் இப்போது சேர்த்துவிட்டேன், ஆட்டோஇன்கிரிமென்ட்டும்.

ட்ரிகரை இப்படி வைத்திருக்கிறேன்: இன்சர்ட்டுக்குப் பிறகு, புதிய ஐடியை 100ஆல் வகுத்தால் மீதி 0 என்றால் மட்டும் ஓடும். உள்ளே, வந்த பதிவின் சென்சார் எதுவோ அதில் மட்டும் 201ஆவது ஐடியைக் கண்டுபிடித்து, அதுவும் அதற்குப் பழையதும் டெலீட். நதிமூலம் கொடுத்த கட்டளைதான், வெளியிலும் உள்ளேயும் சென்சார் நிபந்தனை சேர்த்தேன். விண்டோ ஃபங்ஷன் தேவைப்படவில்லை, கருவியில் பதிப்பும் பழையதுதான்.

#26 நதிமூலம்

ஒரு பொறி இருக்கிறது. ஐந்து சென்சாரும் முறை வைத்து 1, 2, 3, 4, 5 என்று அனுப்பினால், 100ஆல் வகுபடும் ஐடி எப்போதும் ஐந்தாவது சென்சாருக்கே விழும். மற்ற நான்கும் வளர்ந்துகொண்டே போகும். 100க்குப் பதில் 101 வையுங்கள். ஐந்துக்கும் 101க்கும் பொது வகுஎண் இல்லாததால் முறை சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் வரும். அல்லது ட்ரிகர் ஓடும்போது ஐந்து சென்சாரையும் சேர்த்தே வெட்டிவிடுங்கள், 1000 பதிவுக்கு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

#27 கீற்று

ஐடிகளைப் பார்த்தேன், சென்சார்கள் முறை வைத்துத்தான் அனுப்புகின்றன. ஐந்தையும் சேர்த்தே வெட்டும்படி மாற்றிவிட்டேன். சென்சார், ஐடி இரண்டுக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டிருக்கிறேன். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தபோது ஒவ்வொரு சென்சாரிலும் 200க்கும் 220க்கும் நடுவில் நின்றது.

#28 பழைய_டிபிஏ

100 பதிவுக்கு ஒருமுறை வெட்டினால் ஐந்து பேருக்கும் சேர்த்து 100 வரை கூடும், தலைக்கு 20. கணக்கு ஒத்துப்போகிறது. திரைக்குப் போகும் குவெரியில் சென்சாருக்கு லிமிட் 200 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.